வேட்டையா, விளையாட்டா?

அயர்லாந்து நாட்டில் பணிபுரியும் என் தமக்கை மகன் விடுப்பில் வந்திருந்தான். இரவு உணவு முடிந்து, பெரியவர்களும் பிள்ளைகளுமாய் முற்றத்தில் அமர்ந்திருந்தோம். அவன் வாழும் நாட்டின் மழையைப் பற்றியும் பசும்புல் வெளிகளைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தவன், தன்னுடன் பணிபுரியும் ஒருவர் பிப்ரவரி மாதத்தில் குளோன்மெல் என்னும் ஊருக்குத் தன்னை அழைத்ததாகச் சொன்னான். ஆண்டுதோறும் அங்கே பெருங்கூட்டம் கூடுமாம். ஒரு முயலை முன்னே ஓடவிட்டு, இரண்டு நாய்களைப் பின்னே அவிழ்த்துவிட்டு, எந்த நாய் முந்துகிறது என்று காண்பார்களாம்.

அவன் போகவில்லை. ஆனால் ஏன் போகவில்லை என்பது அவனுக்கே விளங்கவில்லை.

"மாமா, முயல் நமக்கு ஹலால்தானே? வேட்டைக்கு நாய் வைத்துக்கொள்வதும் கூடும்தானே? அந்த நாட்டுச் சட்டமும் அனுமதி கொடுக்கிறது. நாயின் வாய்க்கு மூடி போட்டுத்தான் அவிழ்க்கிறார்கள். பிறகு இதில் தவறு என்ன இருக்கிறது?" என்று கேட்டான்.

பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தனர். நானும் உடனே விடை சொல்லவில்லை. கேள்வி ஒரு முயலைப் பற்றியது போலத் தோன்றினும், உண்மையில் அது நம்மைப் பற்றியது. சட்டம் அனுமதித்த ஒரு செயல், மார்க்கம் ஹலாலாக்கிய ஒரு பிராணி, பழக்கத்தில் ஊறிய ஒரு கேளிக்கை ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடிவிட்டால், அதற்குமேல் மனிதனைக் கேட்க யாருக்கும் உரிமை இல்லையா? அன்றிரவு முதல் என்னைவிட்டு அகலாத அந்தக் கேள்வியை வாசக அன்பர்கள் முன் வைக்கிறேன்.

முதலில் அந்த விளையாட்டு எத்தகையது என்பதை நேர்மையாக அறிந்துகொள்ளுதல் வேண்டும். அறியாமல் கண்டிப்பது நீதியன்று. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவர்கள் இந்த வழக்கின் இரு தரப்பிலும் இருக்கிறார்கள்.

இங்கே முயல் என்பது கூண்டில் வளரும் வெள்ளை முயல் அன்று. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் வழங்கினும், இயற்கையில் அவை வேறு வேறு. வளை தோண்டி வாழும் இனம் தன் குட்டிகளை நிலத்தடியில் ஈனுகிறது. அவை கண் திறவாமல் பிறக்கின்றன. வெளிமுயலுக்கோ வளை இல்லை. புல்லிடையே உள்ள சிறு பள்ளமே அதன் வீடு. அதன் குட்டி உடல் முழுதும் உரோமத்தோடும், திறந்த கண்களோடும் பிறக்கிறது. ஒளிந்துகொள்ள இடமில்லாத அந்தப் பிராணிக்கு இறைவன் கால்களையே காவலாகக் கொடுத்தான். மணிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் வேகத்தில் ஓடவும், ஓடுகிற ஓட்டத்திலேயே சட்டெனத் திரும்பவும் அதனால் இயலும். அதைத் துரத்தும் கிரேஹவுண்டு நாயோ, மோப்பத்தால் அன்றிக் கண்ணால் கண்டு துரத்தும் இனம். அராபியரின் ஸலூக்கியும் நம் தென்பாண்டிச் சீமையின் சிப்பிப்பாறை, கன்னி நாய்களும் இத்தகைய இனங்களே.

நாய்களைக் கொண்டு முயலைத் துரத்துவது மிகப் பழைய வழக்கம். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் அர்ரியன் என்னும் கிரேக்க ஆசிரியர் இதற்கெனத் தனி நூலே எழுதினார். கெல்ட் மக்கள் உணவுக்காக அன்றி, ஓட்டத்தின் அழகுக்காகவே முயலைத் துரத்தினர் என்கிறார் அவர். நல்ல வேட்டைக்காரன் முயலின் சாவை விரும்புவதில்லை. அது தப்பிவிட்டால் மகிழ்கிறான் என்பதும் அவர் கருத்து. இந்தப் பந்தயத்தை ஆதரிப்போர் இன்றளவும் கூறிவரும் வாதத்தின் வேர் அங்கே இருக்கிறது.

இங்கிலாந்தில் இது கனவான்களின் விளையாட்டாக வளர்ந்தது. லிவர்பூல் நகரில் வாட்டர்லூ என்னும் பெயருடைய விடுதியை நடத்திவந்த வில்லியம் லின் என்பவர் 1836-இல் ஆல்ட்கார் என்னும் ஊரின் வயல்வெளியில் வாட்டர்லூ கோப்பைப் பந்தயத்தைத் தொடங்கினார். 1868, 1869, 1871 ஆகிய ஆண்டுகளில் அக்கோப்பையை வென்ற மாஸ்டர் மக்ராத் என்னும் நாய், விக்டோரியா மகாராணியின் முன் கொண்டுசென்று காட்டப்படும் அளவுக்குப் புகழ் பெற்றது. அதன் பெயர் வரலாற்றில் நின்றுவிட்டது. அதன் முன்னே ஓடிய முயல்களுக்குப் பெயர் ஏது?

பந்தயத்தின் முறை இது: ஒரு நாய்க்குச் சிவப்புக் கழுத்துப்பட்டை, மற்றதற்கு வெள்ளை. இரண்டையும் ஒருவர் ஒரே வாரில் பிடித்து நிற்பார். முயல் அவரைக் கடந்து ஏறத்தாழ 80 அல்லது 100 கஜம் ஓடிய பிறகே நாய்களை அவிழ்ப்பார். குதிரைமேல் அமர்ந்த நடுவர், எந்த நாய் விரைந்து நெருங்கியது, எது முயலைத் திருப்பியது என்று பார்த்துப் புள்ளிகள் வழங்குவார். கொல்வதைக் காட்டிலும் வேகத்துக்கும் திருப்பத்துக்குமே புள்ளிகள் மிகுதி.

இங்கே ஒரு சொல் என்னை வியப்பில் ஆழ்த்துகிறது. முயலுக்கு முதலில் கொடுக்கும் அந்த முன்தூரத்துக்கு ஆங்கில வேட்டை வழக்கில் 'லா' என்று பெயர். அதாவது, சட்டம்! முயலுக்குச் சட்டம் கொடுத்தாயிற்று என்றால், அது ஓடத் தொடங்குவதற்குச் சற்று அவகாசம் கொடுத்தாயிற்று என்று பொருள். வலியவன் எளியவனுக்கு 80 கஜம் கொடுத்துவிட்டு, இனி இது நியாயமான போட்டி என்று தன் மனத்தைத் தேற்றிக்கொள்கிறான். முயல் அந்தப் போட்டிக்கு இசைந்ததா என்று எவரும் கேட்பதில்லை.

ஆதரிப்போரின் கூற்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பந்தயம் நடக்கும் நிலங்களில் முயல்களை அவர்கள் பேணிக் காத்தனர். பந்தயம் நின்றால் காக்கவும் ஆள் இராது என்கின்றனர். துப்பாக்கி ரவை பட்டுக் குற்றுயிராய்ப் புதரில் கிடந்து சாவதைவிட நாயிடம் சாவது விரைவானது என்கின்றனர். இயற்கையில் நரியும் பருந்தும் முயலை விட்டுவைக்கின்றனவா என்றும் வினவுகின்றனர். இவை எள்ளி நகைத்து ஒதுக்கத்தக்க வாதங்கள் அல்ல.

ஆயினும் அந்த நாட்டு மக்களின் மனச்சான்று அமைதி கொள்ளவில்லை. 1975-இல் முயல் பந்தயத்தைத் தடுக்கும் மசோதா ஒன்று இலண்டன் நாடாளுமன்றத்தில் வந்தது, சட்டமாகாமல் போயிற்று. 2000-இல் பர்ன்ஸ் பிரபு தலைமையில் அமைந்த குழு, நாய்களால் துரத்தப்பட்டுப் பிடிபட்டுச் சாவது முயலின் நலனைக் கடுமையாகக் குலைக்கிறது என்று அறிக்கை அளித்தது. ஸ்காட்லாந்து 2002-இல் தடைச்சட்டம் இயற்றியது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்குமான வேட்டைச் சட்டம் 2004-இல் பிரபுக்கள் சபையின் எதிர்ப்பையும் மீறி நிறைவேறி, 2005 பிப்ரவரி 18 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே மாதத்தில்தான் கடைசி வாட்டர்லூ கோப்பை ஓடி முடிந்திருந்தது. வட அயர்லாந்தும் 2011-இல் தடை விதித்தது.

ஆனால் அதே தீவின் தெற்கே உள்ள அயர்லாந்துக் குடியரசில் இது அரசின் உரிமம் பெற்று இன்றும் நடைபெறுகிறது. அங்கே 1993-இல் டோனி கிரிகரி என்னும் உறுப்பினர் கொண்டுவந்த தடை மசோதா தோற்றது. எனினும் அந்த விவாதத்தின் விளைவாக நாய்களுக்கு வாய்மூடி கட்டாயமாயிற்று. 2016-இல் வந்த மற்றொரு மசோதாவும் தோல்வியுற்றது.

அன்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரே தீவு, ஒரே மண், ஒரே இன முயல். எல்லைக் கோட்டுக்கு வடக்கே அதை நாய் விட்டுத் துரத்துபவன் குற்றவாளி. தெற்கே துரத்துபவன் உரிமம் பெற்ற கனவான். கோட்டைத் தாண்டும்போது முயலின் நெஞ்சத் துடிப்பு மாறுகிறதா? இங்கிலாந்தின் சட்டத்திலும் இத்தகைய கோடுகள் உண்டு. வெளிமுயலை நாய் விட்டுத் துரத்தல் குற்றம். நில உரிமையாளரின் இசைவோடு வளைமுயலையும் எலியையும் துரத்துதல் குற்றமன்று. அதே வெளிமுயலைத் துப்பாக்கியால் சுடுவதையும் அச்சட்டம் தடுக்கவில்லை.

இதனால் சட்டம் பயனற்றது என்று கூற வரவில்லை. சட்டம் வேண்டும். அது இல்லையேல் எளிய உயிருக்கு 80 கஜம் அவகாசமும் இராது. தடைக்குப் பின்னும் இங்கிலாந்தின் வயல்களில் கூட்டங் கூட்டமாய் அத்துமீறிப் புகுந்து, பணயம் வைத்து முயல் துரத்துவோர் இருந்தமையால் 2022-இல் தண்டனையைக் கடுமையாக்க நேர்ந்தது. குற்றவாளிக்கு ஆறு திங்கள் வரை சிறையும் வரம்பற்ற அபராதமும் விதிக்கலாம். சட்டம் கையைக் கட்டும். அதற்குமேல் செய்ய அதனால் இயலாது. விருப்பத்தைக் கட்டும் கயிறு வேறிடத்தில் இருக்கிறது.

அந்தக் கயிற்றைத் தேடி நம் மார்க்கத்தின்பால் வருவோம்.

முயல் இறைச்சி ஆகுமானது. நபித்தோழர் அனஸ் (ரலி) அவர்களின் இளமைக்கால நிகழ்ச்சி ஒன்று புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. மர்ருழ் ழஹ்ரான் என்னுமிடத்தில் மக்கள் ஒரு முயலைக் கிளப்பிவிட்டுத் துரத்திக் களைத்துப் போயினர். இளைஞரான அனஸ் ஓடி அதைப் பிடித்துத் தம் மாற்றுத் தந்தையான அபூதல்ஹா (ரலி) அவர்களிடம் கொடுத்தார். அவர்கள் அதை அறுத்து, அதன் தொடைப் பகுதியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு அனுப்ப, அண்ணலார் ஏற்றுக்கொண்டார்கள். ஆகவே முயலைத் துரத்துவதே பாவம் என்று நாம் கூறிவிட முடியாது. பயிற்றுவிக்கப்பட்ட வேட்டைப் பிராணிகள் நமக்காகப் பிடித்துத் தந்ததை இறைவன் திருநாமம் கூறி உண்ணலாம் என்று திருமறையின் 5-ஆம் அத்தியாயம் தெளிவாகவே அனுமதிக்கிறது. வேட்டைக்கும், கால்நடைக்கும், விளைநிலக் காவலுக்கும் நாய் வைத்துக்கொள்ள இசைவு தரும் நபிமொழியும் உண்டு.

இதுவரை என் மருமகனின் வாதம் வென்றுகொண்டே வருகிறது. ஆனால் இந்த இடத்தில்தான் நாம் நின்று நோக்க வேண்டும்.

வள்ளல் ஹாத்திமுத் தாயியின் மைந்தர் அதீ (ரலி) அவர்கள் நாய்வேட்டையைப் பற்றி அண்ணலாரிடம் கேட்டார்கள். இறைவன் பெயரைக் கூறி அனுப்பிய நாய் பிடித்துத் தந்ததை உண்ணலாம். ஆனால் நாய் அதிலிருந்து தின்றுவிட்டால் உண்ணவேண்டாம், ஏனெனில் அது தனக்காகவே பிடித்திருக்கும் என்ற அச்சம் உண்டு என்னும் கருத்தில் அண்ணலார் விடையளித்தார்கள். பெரும்பான்மை இமாம்களின் தீர்ப்பும் இதன் வழியே அமைந்தது.

எத்துணை நுட்பமான வேறுபாடு! முயல் அதுவே, நாய் அதுவே, பல்லும் காயமும் அவையே. ஆனால் அந்த ஓட்டம் யாருக்காக என்ற ஒன்றே உணவை ஆகுமானதாகவும் ஆகாததாகவும் மாற்றிவிடுகிறது. வாயில்லாப் பிராணியான நாயே தன் ஆசைக்காகப் பிடித்தால் அந்த வேட்டை கெட்டுவிடுகிறது என்றால், பந்தயத் திடலில் அமர்ந்து வேடிக்கை பார்க்கும் மனிதனைப் பற்றி என்ன சொல்வது? அவன் யாருக்காக வேட்டையாடுகிறான்? அவன் வீட்டில் அடுப்பு அந்த முயலுக்காகக் காத்திருக்கவில்லை. அவன் வயலை அது மேயவில்லை. பசியும் இல்லை, பகையும் இல்லை, பயனும் இல்லை. எஞ்சி நிற்பது அவன் கண்ணின் ஆசை ஒன்றே. நாய்க்கு மறுக்கப்பட்ட ஒன்றை மனிதன் தனக்கு அனுமதித்துக்கொள்ளலாகுமா?

அனஸ் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியை மீண்டும் பாருங்கள். அங்கும் ஓட்டம் உண்டு, களைப்பும் உண்டு, பிடித்த இளைஞருக்குப் பெருமையும் இருந்திருக்கும். ஆனால் அந்த ஓட்டம் அறுப்பிலும், சமையலிலும், பகிர்விலும், ஓர் அன்பளிப்பிலும் சென்று முடிந்தது. மகிழ்ச்சி வேட்டையின் உடன்விளைவு, நோக்கமன்று. பந்தயத்திலோ மகிழ்ச்சியே நோக்கம். முயல் அதற்குக் கருவி.

உயிருள்ள எதையும் அம்பெய்து பழகும் இலக்காக்கலாகாது என்று அண்ணலார் தடுத்தார்கள். பயன் கருதாமல் வீணே கொல்லப்பட்ட சிட்டுக்குருவி மறுமை நாளில் இறைவனிடம் முறையிடும் என்ற அறிவிப்பு நஸாயியில் உள்ளது. பிராணிகளை ஒன்றன்மீது ஒன்று ஏவி மோதவிடுவதைத் தடுக்கும் அறிவிப்பு அபூதாவூதிலும் திர்மிதியிலும் காணப்படுகிறது. முயல் நாயோடு மோதுவதில்லையே, ஓடத்தானே செய்கிறது என்று சொல் நுணுக்கம் பேசுவோர் இருக்கலாம். ஆட்டுக்கிடாய்ச் சண்டையில் இரண்டுக்கும் கொம்புகளாவது உண்டு. இங்கே ஒன்றுக்குப் பற்கள்; மற்றதற்கு ஓட்டம் மட்டுமே. சண்டையே ஆகாது என்றால் சண்டையிடவும் இயலாத உயிரை ஏவலுக்கு இரையாக்குவது எங்ஙனம் ஆகும்? பணயத்தைப் பற்றியோ சொல்லவே வேண்டியதில்லை. ஒட்டகம், குதிரை, அம்பு ஆகியவற்றில் அன்றிப் பந்தயப் பரிசு இல்லை என்று நபிமொழி எல்லை வகுத்துவிட்டது. சூதையோ திருமறை அடியோடு விலக்கிவிட்டது.

"வாய்மூடி போட்ட பின் முயல் சாவதில்லையே!" என்பது என் மருமகனின் வலிமையான வாதம். அதையும் நோக்குவோம்.

அயர்லாந்தில் பந்தயத்துக்கு உரிய முயல்களை முன்னரே வலை வீசிப் பிடிக்கின்றனர். வாரக்கணக்கில் அடைப்பில் வைத்திருந்து, திடலின் ஒரு முனையிலிருந்து மறுமுனையிலுள்ள தப்பும் வழிக்கு ஓடப் பழக்குகின்றனர். பந்தயத்துக்குப் பின் மீண்டும் வெளியில் விட்டுவிட வேண்டும் என்பது விதி. வாய்மூடி வந்தபின் சாவுகள் பெரிதும் குறைந்தன என்பது உண்மை. அதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் மூடி பல்லைத்தான் தடுக்கிறது. பாய்ந்து வரும் நாயின் உடல் மோதி, தரையோடு அழுத்துவதை அது தடுப்பதில்லை. மேலும், பிடிபட்ட காட்டு விலங்கு வெளிக்காயம் ஏதுமின்றி அச்சத்தாலும் பதற்றத்தாலும் மட்டுமே தசைகள் சிதைந்து பின்னர் மாண்டுபோவதும் உண்டு என்று விலங்கு மருத்துவம் கூறுகிறது.

சரி, ஒரு முயலும் சாகவில்லை என்றே கொள்வோம். அச்சம் ஒரு துன்பமாகாதா?

அபூதாவூதில் வரும் ஒரு நிகழ்ச்சியை நினைவுகூர்கிறேன். பயணத்தில் தோழர்கள் ஒரு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துக்கொண்டனர். தாய்ப்பறவை சிறகடித்துச் சுற்றிச்சுற்றி வந்தது. அண்ணலார் கண்டார்கள். குஞ்சுகளை எடுத்து இதை வருத்தியவர் யார் என்று வினவி, அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிடுமாறு பணித்தார்கள். அங்கே ஒரு துளி இரத்தமும் சிந்தவில்லை. எந்த இறகும் முறியவில்லை. ஒரு பறவையின் பதைபதைப்பு மட்டுமே இருந்தது. உலகுக்கு அருட்கொடையாக வந்தவர்களுக்கு அதுவே போதுமானதாயிற்று.

மற்றொன்று: ஆட்டைக் கிடத்திவிட்டு அதன் கண்ணெதிரே கத்தியைத் தீட்டிய ஒருவரை அண்ணலார் கடிந்துகொண்டார்கள்; அதை இருமுறை சாகடிக்க விரும்புகிறீரா என்ற கருத்தில் கேட்டார்கள். அப்படியானால் சாவின் அச்சமும் ஒரு சாவே. பந்தயத் திடலில் தப்பிப் பிழைத்த முயல் அந்த முதற் சாவைச் செத்துவிட்டே செல்கிறது.

இனி ஒரு வினா எஞ்சுகிறது. வேகத்தின் அழகைக் காண்பது தவறா? இல்லை. நாய் வில்லென வளைந்து அம்பெனப் பாய்வது இறைவனின் படைப்பாற்றலுக்குச் சான்று. ஆனால் அதைக் காண்பதற்கு உயிருள்ள முயல் எதற்கு? ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1516-இல் வெளிவந்த உத்தோப்பியா என்னும் நூலில், தாமஸ் மோர் என்னும் ஆங்கில அறிஞர் இதே ஐயத்தை எழுப்பினார். ஓட்டம்தான் இன்பம் என்றால், நாயை நாய் துரத்தினாலும் அதே இன்பம் கிட்ட வேண்டுமே என்பது அவர் வாதம். அதற்குச் செயல் வடிவம் பின்னர் வந்தது. அமெரிக்காவில் ஓவன் பேட்ரிக் ஸ்மித் என்பவர் இயந்திர முயலை உருவாக்கி, 1919-இல் கலிஃபோர்னியாவின் எமரிவில்லில் பந்தயத் தடம் அமைத்தார். 1926-இல் மான்செஸ்டர் நகரின் பெல்வூ திடலிலும் துணிமுயலின் பின்னே நாய்கள் ஓடின. நாய்களுக்கு வேறுபாடு தோன்றவில்லை. அவை அதே வேகத்தில் பாய்ந்தன.

நாய்க்குத் துணிமுயல் போதும், மனிதனுக்குப் போதவில்லை! துணிமுயலிடம் இல்லாத எதை அவன் உயிர்முயலிடம் தேடுகிறான்? எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் எனக்கு ஒரே விடைதான் கிடைக்கிறது. துணிமுயல் அஞ்சுவதில்லை. உயிர்முயலின் ஓட்டம் மெய்யான ஓட்டம்; அதன் திருப்பம் உயிருக்கான திருப்பம். அந்த மெய்யான அச்சமே அங்கே விலைபோகும் சரக்கு. ஆதரிப்போரில் பலர் கொடியவர் அல்லர். தம் நாயைப் பிள்ளைபோல் பேணுவோர். ஆனால் பிறிதோர் உயிரின் நடுக்கத்தைச் சுவைக்கிறோம் என்பதை அவர்கள் வேகம், திறமை, மரபு என்னும் திரைகளுக்குப் பின்னே மறைத்துக்கொள்கின்றனர். வேட்டையைப் பின்தொடர்பவன் மறதியில் ஆழ்கிறான் என்னும் கருத்துள்ள நபிமொழி இந்த இடத்தில் எனக்குப் புதிய பொருள் தருகிறது. அவன் மறப்பது தொழுகையை மட்டும் அன்று. தன் மனத்தையும் மறந்துவிடுகிறான்.

வீரம் என்று பேசுவோரும் உண்டு. நம் வள்ளுவர், காட்டு முயலை வீழ்த்திய அம்பைவிட, யானைக்குக் குறிவைத்துத் தவறிய வேலே ஏந்துவதற்கு இனியது என்றார். எளியதை வெல்வதில் பெருமை இல்லை என்பது தமிழரின் பழைய வழக்கு.

இவ்வளவும் அயலார் குற்றம் என்று எண்ணி நாம் மகிழ்ந்துவிட வேண்டாம். முஸ்லிம்கள் வாழும் பாகிஸ்தானின் பஞ்சாப் வயல்களிலும் முயலின் பின்னே நாய் விட்டு ஆரவாரிப்போர் உளர். நம் தென் மாவட்டங்களிலும் அறுவடை முடிந்த காடுகளில் நாய்களோடு முயல் வேட்டைக்குப் புறப்படும் இளைஞர் உண்டு. இந்தியாவின் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டு முயலை வேட்டையாடுதல் குற்றம். சிறைத் தண்டனைக்கு உரியது. ஒரு காலத்தில் பசிக்கு முயல் பிடித்த ஏழையின் வேட்டை வேறு; கடையில் இறைச்சி கிடைக்கும் நாளில் நண்பர் புடைசூழப் போகும் கேளிக்கை வேறு. "முயல் ஹலால்தானே" என்னும் ஒரு சொல்லால் இந்த வேறுபாட்டை மூடிவிட இயலாது.

இன்னும் நெருங்கி வருவோம். பெருநாள் குர்பானிக்கு வாங்கிவந்த ஆட்டை நம் பிள்ளைகள் காதைப் பிடித்து இழுத்து விளையாடுவதை நாம் சிரித்துக்கொண்டே பார்த்ததில்லையா? ஓர் ஆடு அறுபடுவதை மற்றோர் ஆடு பார்த்து நிற்க விட்டதில்லையா? கோழிக் கடையில் கால்கள் கட்டப்பட்டுத் தலைகீழாய்த் தொங்கும் உயிரைக் கண்டும் காணாமல் விலை பேசியதில்லையா? அறுக்கும்போதும் அழகிய முறையில் அறுத்து, அறுபடும் உயிருக்கு எளிமை தருமாறு கட்டளையிட்ட மார்க்கம் நம்முடையது. தட்டுக்கு வரும் இறைச்சி ஆகுமானதா என்று நூறு முறை விசாரிக்கும் நாம், அது தட்டுக்கு வந்த வழியைப் பற்றி ஒரு முறையேனும் கேட்கிறோமா? குளோன்மெல் திடலை அளக்க எடுத்த கோல் நம் முற்றத்தையும் அளக்கவே செய்யும்.

அன்றிரவு என் மருமகனுக்கு நான் சொன்ன விடையைச் சுருக்கிச் சொல்கிறேன். நாட்டுச் சட்டம், உரிமம் இருக்கிறதா என்று கேட்கும். அதற்கு நாம் பணிந்து நடக்க வேண்டும். ஆனால் அதோடு நம் கணக்கு முடிந்துவிடுவதில்லை. ஃபிக்ஹு, அந்த உணவு ஆகுமானதா என்று கேட்கும். அதன் தீர்ப்பை உலமாக்களிடம் அறிந்துகொள்ள வேண்டும். இவ்விரண்டுக்கும் அப்பால் இஹ்ஸான் என்னும் நற்பண்பு, அந்த உயிர் யாருக்காக ஓடியது, அதன் நடுக்கத்தால் நீ பெற்றது என்ன என்று கேட்கும். முதல் இரண்டு கேள்விகளுக்கும் சரியான விடை வைத்திருக்கும் மனிதன் மூன்றாவதில் தோற்றுப்போகலாம்.

அவன் நெடுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "இந்த முறை கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்று பொய் சொல்லாமல், வரமாட்டேன் என்றே சொல்லிவிடுவேன், மாமா" என்றான். சென்ற முறை அவன் சொன்ன சாக்கு அதுதான் போலும்.

வானத்தையும் பூமியையும் விளையாட்டுக்காகப் படைக்கவில்லை என்கிறான் இறைவன். நமக்கும் அவன் ஓர் அவகாசம் தந்திருக்கிறான். நம் பின்னே அஜல் என்னும் தவணை வந்துகொண்டிருக்கிறது. எத்தனை கஜம் என்று நாம் அறியோம். ஆனால் நம்மை ஓடவிட்டவன் நம் அச்சத்தைக் கண்டு களிப்பவன் அல்லன். நாம் திரும்பி வருவதைக் கண்டு மகிழ்பவன். அத்தகைய அருளாளனிடம் அவகாசம் பெற்று வாழும் நாம், நம்மிடம் அகப்பட்ட எளிய உயிர்களுக்கு எவ்வாறு அவகாசம் அளிக்கிறோம் என்பதை அடுத்த பெருநாளுக்கு ஆடு வாங்கச் செல்லும் முன்பேனும் நம் பிள்ளைகளோடு அமர்ந்து பேசுவோமாக.